பட்டியலின் முதல் வரி

தையல்காரம்மாவுக்கு 'பட்டியலம்மா' என்று பெயர் வைத்தவள் அந்த வார்டு நர்ஸ்தான். வந்த அன்றே அந்த அம்மாள் மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை நீட்டினாள். ஒத்துக்கொள்ளாதவை என்று பதினேழு வரிகள்: எட்டு மருந்து, முட்டை, நிலக்கடலை, பெயின்ட் வாசனை, ஈரக் கம்பளி, இன்னும் என்னென்னவோ. "தண்ணியை மட்டும் விட்டுட்டாங்கப்பா!" என்று மருந்து அறையில் சொல்லிச் சிரித்தாள் நர்ஸ். நரம்பில்லாத நாக்கு! திரைக்கு அந்தப் பக்கம்தான் அந்த அம்மாளுடைய கட்டில் என்று யோசிக்கவேயில்லை.

தையல் மிஷின் ஊசி வலது ஆள்காட்டி விரலில் இறங்கிச் சீழ் பிடித்திருந்தது. வீக்கம் மணிக்கட்டை நெருங்கிவிட்டது. இரண்டு மருந்து கொடுத்தும் மசியவில்லை.

"பென்சிலின் போட்டா நிக்கும். ஆனா லிஸ்ட்ல முதல் வரியே அதுதானே," என்றார் டாக்டர். "டெஸ்ட் பண்ணிப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள போட முடியலன்னா விரலை எடுக்கவேண்டியதுதான்."

தைத்துப் பிழைப்பவளுக்கு அந்த விரல் போனால் என்ன மிச்சம்?

முன்கையில் பேனாவால் வட்டம் போட்டு, சொட்டு வைத்து, லேசாகக் குத்திக் கால் மணி நேரம் பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, முதல் சொட்டு எப்போதும் வெறும் உப்புத் தண்ணீர். எது எதுவென்று நோயாளியிடம் சொல்வதில்லை. நர்ஸ் அந்த முதல் சொட்டைத்தான் குத்தினாள். தையல்காரம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர்... தொண்டை அடைக்குது..."

நாடி தறிகெட்டு ஓடியது. ஆனால் தோலில் ஒரு தடிப்பில்லை. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, மார்பிலும் இரைச்சல் இல்லை. 'வெறும் தண்ணிம்மா' என்று நர்ஸுக்கு வாய் வரை வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். வேர்வை பொய்யில்லை, நடுக்கம் பொய்யில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து மெதுவாக மூச்சு விட்டாள். கொஞ்ச நேரத்தில் தொண்டை விட்டது.

"இப்ப வச்சது தண்ணிதானே? உங்க முகமே சொல்லுது," என்றாள் தையல்காரம்மா. "அதையும் பட்டியல்ல சேர்த்துக்கோங்க. அன்னிக்கு நீங்க சிரிச்சதைக் கேட்டேன்."

நர்ஸுக்கு முகம் செத்துவிட்டது. "என் தப்புதான்மா. மன்னிச்சிடுங்க." தாளை விரித்து, "முதல் வரி எப்ப எழுதினது? பென்சிலின் போட்டப்ப உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். சேர்க்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சேர்க்கைச் சீட்டு எழுதியவளும் கேட்கவில்லை, சிரித்தவளும் கேட்கவில்லை.

"எனக்கா? எனக்குப் போட்டதே இல்லையே. என் பொண்ணுக்குப் போட்டாங்க. ஏழு வயசு. நான்தான் தூக்கிட்டுப் போனேன். அசையாதடின்னு நான்தான் கையை அமுக்கிப் பிடிச்சேன். 'அம்மா, தொண்டை அடைக்குது'ன்னா. அவ்வளவுதான். அப்புறம் எதைத் தின்னாலும், எதை மோந்தாலும் எனக்கும் அடைச்சுது."

நர்ஸ் போய் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு மற்றச் சொட்டுகளைக் குத்தினாள். பென்சிலின் வட்டம் சுத்தமாக இருந்தது. கொஞ்சம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு முழுசாகப் போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"விரல் தப்பிச்சுடும்," என்றார் டாக்டர். "மத்ததையும் ஒண்ணொண்ணா பார்த்துடலாம். மனநல டாக்டரும் கூட இருப்பாங்க."

"எனக்குப் பைத்தியம்ங்கிறீங்களா?"

"இல்லம்மா. துக்கத்துக்கும் டாக்டர் உண்டு."

அவர் போனதும் தையல்காரம்மா உடைந்து அழுதாள். "எனக்கு ஒத்துக்குதே சிஸ்டர்! பெத்தவ எனக்கு ஒத்துக்குது, அவளுக்கு ஒத்துக்கலையே!"

நர்ஸ் அழவிட்டாள். பிறகு தாளை எடுத்து முதல் வரியை அடிக்கப் போனாள். தையல்காரம்மா இடது கையால் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க. அது அவளோடது. பக்கத்துல அவ பேரைப் போட்டுடுங்க."

"பேர் என்னம்மா?"

பதினோரு வருஷமாக யாரும் கேட்காத பெயரை அவள் சொன்னாள். நர்ஸ் அதை எழுதினாள்.