எல்லாரும்னா யாரு?

கம்பெனியில் அவளுக்கு இடக்கு என்று பெயர். எல்லாரும் ஆமாம் என்றால் இவள் ஏன் என்பாள், அதனால் வந்த பெயர். துணிச்சல்காரி என்று நினைத்துவிட வேண்டாம். சுவரில் பல்லி ஓடினால் நாற்காலிமேல் ஏறி நிற்கிற ரகம்தான். ஆனால் மனசு ஒப்பாத ஒன்றைச் சொல்லச் சொன்னால் நாக்கு எழும்பாது. அதற்கு அவள் என்ன செய்வாள்?

அந்தத் தையல் கூடத்தில் சட்டைக்குப் பட்டன் வைப்பது அவள் வேலை. பக்கத்து மெஷினில் காலர் தைப்பவள் அவளுடைய சொந்தச் சித்தி. கோடியில் ஆள் இல்லாமல் நிற்கிறது நீராவி இஸ்திரி மெஷின். போன வாரம் அதன் மேல்தட்டு, சிட்டு என்று எல்லாரும் செல்லமாகக் கூப்பிடும் பெண்ணின் கைமேல் இறங்கிவிட்டது. கை வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கை உள்ளே போகாமல் இருக்க அந்த மெஷினில் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. வேலை தாமதமாகிறது என்று அதைக் கழற்றச் சொன்னவர் சூப்பர்வைசர். கூடமே பார்த்துக்கொண்டிருக்கத்தான் கழற்றினார்கள்.

இப்போது விசாரணை. தப்பு மெஷின்மேல் என்றால் கம்பெனி வைத்தியம் பார்த்தாக வேண்டும். தப்பு சிட்டுமேல் என்றால் அவளுக்கு வேலையும் போச்சு, வைத்தியமும் போச்சு. ஆகவே காலையிலிருந்து சூப்பர்வைசர் ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இவளைக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. பெரிசா ஒண்ணுமில்ல. நாளைக்கு மேலிடத்துல இருந்து வந்து கேப்பாங்க. அந்தப் பொண்ணு போன் பேசிக்கிட்டே வேலை செஞ்சுதுன்னு சொல்லிடு."

"போனை எல்லாம் வாசல்லயே வாங்கிப் பூட்டி வச்சுடுறீங்களே சார்."

அவர் சிரித்தார். "அது அவங்களுக்கு எங்க தெரியப்போகுது? எல்லாரும் சரின்னுட்டாங்க. நீதான் பாக்கி."

அவளுக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லச் சொல்கிறவர், அந்தப் பொய்யையாவது கொஞ்சம் மெனக்கெட்டுச் செய்திருக்கக் கூடாதா? போன் வாசல் பெட்டியில் பூட்டிக் கிடந்தது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். நம்ப வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. தலையை ஆட்டினால் போதுமாம். மனுஷியை இதைவிடக் கேவலமாக நடத்த முடியாது.

"எனக்கு வராது சார்," என்றாள்.

"வராதுன்னா? எல்லாருக்கும் வந்தது உனக்கு மட்டும் வராதா? வேலை வேணும்னா வரும். நல்லா யோசி."

வெளியே வந்து தன் மெஷினில் உட்கார்ந்தாள். புருஷன் முதுகுவலியோடு வீட்டில் படுத்திருக்கிறான். இவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. பயத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

சித்தி காலரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "சரின்னுட்டு வந்தியா?"

"இல்ல."

"என்னடி இது கூத்து? காலையில சரின்னுட்டு இப்ப மாத்திப் பேசினா விடுவாங்களா?"

"காலையில நான் எங்க சொன்னேன்? இப்பதானே கூப்பிட்டாரு."

சித்தியின் மெஷின் நின்றது. "நீ முதல்லயே ஒத்துக்கிட்டன்னு சொன்னாரே. இடக்கே சரின்னுட்டா, உனக்கு என்னன்னு கேட்டாரு. நீயே சொன்னப்புறம் நான் எந்த மூலைக்கு? நானும் தலையாட்டிட்டேன்."

முன் வரிசையில் சட்டைக்கை தைக்கிறவள் திரும்பிப் பார்த்தாள். "என்கிட்டயும் அதேதான். இடக்கே ஒத்துக்கிட்டான்னாரு."

அவளுக்கு அடுத்து இருந்தவளும் மெல்லத் தலையை ஆட்டினாள்.

இடக்குக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. இத்தனை நாள் இவளைக் கேலி செய்ய வைத்திருந்த பெயரையே தூண்டிலில் மாட்டி, கூடம் முழுவதையும் பிடித்திருக்கிறார். வாயே திறக்காதவளின் வாக்கை எடுத்து ஊருக்கெல்லாம் விநியோகம் செய்திருக்கிறார். அவளை நம்பியதால்தான் மற்றவர்கள் சிட்டுவைக் கைவிட்டார்கள். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையோடுதான் மெஷினை அணைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் ஒத்துக்கல," என்றாள். மெஷின் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். "நான் எதுக்கும் ஒத்துக்கல. ஒத்துக்கிட்டேன்னு யார்கிட்ட சொல்லியிருந்தாலும் அது பொய்."

ஒவ்வொரு மெஷினாக நின்றது. போராட்டம் ஒன்றும் இல்லை, காது கொடுத்துக் கேட்பதற்குத்தான். சூப்பர்வைசர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன சத்தம்? எல்லாரும் சொல்லியாச்சு, இவ ஒருத்தி சொல்லாட்டி ஒண்ணும் குடிமுழுகிடாது. வேலையைப் பாருங்க."

"எல்லாரும்னா யாரு சார்? ஒரு பேரைச் சொல்லுங்க."

அவர் ஒரு பெயருக்காகக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். குனிந்த தலைகளைத் தாண்டி வந்த கண், கடைசியில் சித்தியிடம் நின்றது. சரியான ஆளைத்தான் பிடித்தார். கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமே மன்னிப்புக் கேட்கிறவள் சித்தி.

அவள் எழுந்து நின்றாள். கையில் பாதி தைத்த காலர்.

"என் பேரைச் சொல்லாதீங்க சார்," என்றாள். "கம்பியைக் கழட்டச் சொன்னீங்களே, அப்ப நான் இங்கதான் உக்காந்திருந்தேன்."