நாற்பத்தோராவது நிமிடம்

புதன்கிழமை காலை தாடி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, திரையில் அசையாமல் படுத்துக்கிடந்த பச்சைக் கோட்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, அடங்கிடுச்சே" என்றார். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு மேலதிகாரி அவர்; தாடி என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. சர்வரின் மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் அந்தக் கோடு இரண்டு வாரமாக ஏறிக்கொண்டே இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் போனில் 'பார்க்க வரலாமா?' என்ற பொத்தானை அழுத்துவார்கள். உள்ளே நர்ஸ் எப்போது பதில் எழுதுகிறாரோ அப்போது அது போனுக்குப் போகும். அதுவரை சர்வர் கேள்வியைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் அடித்தளமான மென்பொருளை, ஃப்ரேம்வொர்க்கை, நான் புதிய பதிப்புக்கு மாற்றியதிலிருந்து, போனை மூடிவிட்டு வீட்டுக்குப் போனவர்களின் கேள்விகளையும் அது கட்டிக்கொண்டு அழுதது. மெமரி நிரம்பி மூன்று நாளைக்கு ஒருமுறை சர்வர் விழுந்தது.

போனவர் யார், இன்னும் காத்திருப்பவர் யார் என்று பிரித்துப் பார்த்து, போனவரை மட்டும் விடுவிப்பதுதான் முறை. அதற்கு நாலு நாள் ஆகும். எனக்கு ஏது பொறுமை? திங்களன்று ஒரே ஒரு வரி சேர்த்தேன்: முப்பது நிமிடத்தில் பதில் வராவிட்டால் கேள்வியைக் கைவிடு. கோடு படுத்துவிட்டது. அன்று நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போது கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

புதன்கிழமை மதியம் வரவேற்பிலிருந்து ஒரு பெரியவரை எங்களிடம் அனுப்பினார்கள். முப்பது வருஷம் லாரி ஓட்டியவராம். முந்தின நாள்தான் அவர் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்திருந்தார். புகார் எதுவும் இல்லை, ஒரு சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். செவ்வாய் காலையில் இருவருக்கும் ஏதோ வாய்த்தகராறு. அந்த அம்மா கோபத்தில், கண் முன்னால் நிற்காதே என்று சொல்லியிருக்கிறார். இவர் வெளியே வந்து பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினார். போனில் வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதினொன்றேகாலுக்கு டாக்டர் வெளியே வந்தார்.

"என்னை உள்ள விடவேண்டாம்னு சொல்லிட்டாளா? அதை மட்டும் பார்த்துச் சொல்லும்மா."

பதிவுகளைத் திறந்தேன். பத்து மணிக்குக் கேள்வி. பத்து நாற்பத்தொன்றுக்கு நர்ஸின் பதில்: 'உடனே வாங்க. உங்களைத்தான் கேட்டுட்டே இருக்காங்க.' அதற்குப் பதினோரு நிமிடம் முன்பே என் வரி அவரைக் கைவிட்டிருந்தது. பழைய பதிப்பாக இருந்தால் அந்த இடத்தில் எர்ரர் போட்டு ஊரைக் கூட்டியிருக்கும். புதியது வாயே திறக்காமல் பதிலைத் தூக்கிப்போட்டுவிட்டு, நர்ஸின் திரையில் 'தெரிவிக்கப்பட்டது' என்று காட்டியிருந்தது. கூப்பிட்டும் வராத மனுஷன் என்று அந்த நர்ஸ் நினைத்திருப்பார். கேள்வி கைவிடப்பட்டால் மறுபடி கேட்கச் சொல்லும் ஒரு வரியைப் போனில் ஓடும் நிரலில் எழுத நான் மறந்திருந்தேன்; அதனால்தான் வளையம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து திரையைப் படித்துவிட்ட தாடி என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். சர்வர் பழுது, எதுவும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிடச் சொன்னார். "கூப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் எப்படித் தாங்குவாரு?"

தாடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் அதைச் சொல்லவில்லை. எனக்கும் அதைப் பிடித்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. வேலை போய்விடுமே என்ற பயம் வேறு. ஆனால் சொல்லாவிட்டால், கடைசி நேரத்தில் பெண்டாட்டி தன்னை வேண்டாம் என்றுவிட்டாள் என்ற நினைப்போடு பெரியவர் வீட்டுக்குப் போவார். எது பெரிய கொடுமை என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

உள்ளே வந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"அவங்க உங்களைக் கூப்பிட்டாங்க, ஐயா. அது உங்ககிட்ட வராம போனதுக்கு நான்தான் காரணம்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.

"ரோஷக்காரிம்மா. வாரக்கணக்கா வண்டியில போயிடுவேன். ஒரு நாள்கூட வான்னு வாய்விட்டுக் கேட்டதில்ல."

பிறகு போனை என்னிடம் நீட்டினார். நேற்றிலிருந்து அந்தப் பக்கத்தை அவர் மூடவே இல்லை. வளையம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பதிலை இப்போது அனுப்ப முடியுமா என்று கேட்டார். பக்கத்தைப் புதிதாகத் திறந்து கொடுத்தேன். அவரே 'பார்க்க வரலாமா?' பொத்தானை அழுத்தினார். நர்ஸ் எழுதியதை ஓர் எழுத்து மாறாமல் என் கம்ப்யூட்டரிலிருந்து தட்டி அனுப்பினேன்.

போன் அதிர்ந்தது. படித்தார். எழுந்து சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார், உள்ளங்கையால் தலைமுடியைப் படியவைத்தார். வெளியே போகும் வழி வலப்பக்கம். அவர் இடப்பக்கம் திரும்பி, தீவிர சிகிச்சைப் பிரிவை நோக்கி வேகமாக நடந்தார். நான் கூப்பிடவில்லை.