ஆடியில் அளந்த காற்று

தை மாத விடியல். குத்தாலத்தை அடுத்த அரிசி ஆலையின் களத்தில் அவித்த நெல் ஆவி பறக்கக் குவிந்து கிடக்கிறது. அதைக் காலால் தள்ளிப் பரப்பப் பெண்கள் வெறும்பாதத்தோடு இறங்குகிறார்கள். பாதத்தைச் சுடுவது நெல். நெஞ்சைச் சுடுவது புகை. உமி எரிக்கும் பாய்லரின் புகைபோக்கி உயரமானதுதான். ஆயினும் பனிக்காலத்தில் புகை மேலேறுவதில்லை. செங்கல் சூளையின் புகையும், அறுத்த வயல்களில் கொளுத்திய வைக்கோலின் புகையும், சுற்றியுள்ள ஏழு ஆலைகளின் புகையும் பனிக்கடியில் ஒன்றுகூடி, உழைப்பவளின் மூக்குயரத்தில் படுத்துக்கொள்கின்றன.

அன்று மலர்க்கொடி மூச்சு முட்டிக் களத்திலேயே விழுந்தாள். தண்ணீர் தெளித்துத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள். முதலாளி சிவக்கொழுந்து வந்து பார்த்தார். சீக்குக்காரிக்கு இனி இங்கே வேலையில்லை என்றார். இருபது ஆண்டுகள் அந்தக் களத்தை மிதித்தவளுக்கு அதுதான் தீர்ப்பு.

உடன் வேலை செய்யும் ஷம்சாத் குறுக்கே நின்றாள். மலர்க்கொடிக்கு வேலையும், புகைபோக்கிக்குச் சாம்பலைப் பிடிக்கும் கருவியும் வேண்டும் என்றாள்.

சிவக்கொழுந்து அலுவலறையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தார். ஆடி மாதம் காற்றை அளந்து வாங்கிய சான்று. அதனடியில் பதினான்கு பெண்களின் கையெழுத்து.

“புகையால தொந்தரவு இல்லைன்னு நீங்களேதான எழுதிக் குடுத்தீங்க? படிச்சுப் பாரும்மா.”

அவர்கள் பொய் எழுதவில்லை. அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக்காற்று புகையை விட்டுவைக்குமா? கேட்ட மாதத்தின் உண்மையைச் சொன்னார்கள். அந்த ஒரு மாதத்து உண்மையை ஆண்டு முழுவதற்கும் பூட்டாக்கிவிட்டார் முதலாளி. ஏழையின் நேர்மையைக் கொண்டே ஏழையின் வாயை அடைக்கும் கயமை இது!

“ஆடியில கேட்டீங்க, இல்லைன்னோம். இப்பக் கேளுங்க முதலாளி. காத்தை அளந்த அந்த மிஷினை இன்னைக்குக் கொண்டாந்து வைங்க.”

“ஊரெல்லாம் வைக்கோலைக் கொளுத்துறான். அதுவும் என் புகையா?”

“வைக்கோலு நாலு நாள்ல எரிஞ்சு முடிஞ்சிரும். உங்க பாய்லர் அணையறதே இல்லைங்களே. ஊர்ப் புகைக்குப் பின்னால எத்தனை நாளைக்கு ஒளிஞ்சுக்குவீங்க?”

பெண்கள் களத்தை விட்டேறிப் பாய்லர் வாசலில் உட்கார்ந்தார்கள். தொட்டியில் ஊறும் நெல்லைப் பொழுது சாய்வதற்குள் அவிக்காவிட்டால் புளித்துப்போகும். அது அவர்களுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். பக்கத்து ஆலைக்குப் போன் செய்து ஆள் கேட்டார்.

ஒரு மணி நேரத்தில் வேன் வந்தது. அந்த ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளும் மருதையன் முதலில் இறங்கினான். பின்னால் பத்துப் பேர். எதற்கென்று சொல்லாமலே ஏற்றி வந்திருந்தார்கள். என்ன நடந்தது என்று அவன் கேட்க, ஷம்சாத் சொன்னாள். மலர்க்கொடியின் மூச்சு இழுக்கும் ஓசை மீதியைச் சொன்னது.

“கதை பேசுனது போதும். போய் பாய்லருக்கு உமியைத் தள்ளுங்கடா” என்றார் சிவக்கொழுந்து.

மருதையன் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

“எங்ககிட்டயும் ஆடியிலதாங்க கையெழுத்து வாங்குனாங்க.”

போலீசைக் கூப்பிடுவேன் என்றார் முதலாளி. கூப்பிடவும் செய்தார். எவரும் எழவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் நெருக்கி உட்கார்ந்தார்கள். வந்த பதினொரு பேருக்கும் அந்த வாசலில் இடம் உண்டாயிற்று.