பதினாலாம் நம்பர் பெட்டி

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்குள் குறிப்புப் புத்தகத்தோடு நுழைகிறவர்களை ரெங்கம்மா நம்புவதில்லை. சிரித்துக்கொண்டே நுழைந்தால் அறவே நம்புவதில்லை. கம்சலா புத்தகமும் கொண்டுவந்தாள், சிரிக்கவும் செய்தாள். பிறகு எங்கே உருப்படும்?

பதுளை டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண் அவள். ஏதோ ஒரு நிறுவனம் அனுப்பியிருந்தது. ஸ்பிரிங்வெளிக்குப் பக்கத்திலிருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கடிதங்கள் ஆட்களின் கைக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன என்று பார்த்து, அதைச் சீர்செய்வதுதான் அவள் வேலையாம். "மனுசங்க எப்படி இருக்காங்கன்னு மொதல்ல பாக்கணும். திட்டமெல்லாம் அதுக்குப் பிறகுதான்" என்று சங்கக் கூட்டத்தில் சொன்னாள். சொன்னபடியே பார்க்கவும் பார்த்தாள். காலைப் பெரட்டில் வேலையாட்களைப் பேர் கூப்பிடும்போது ஓரமாக நின்று பார்த்தாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பார்த்தாள். தண்ணீர் விழுகிற பீலியடியில் துணி துவைக்கிற பெண்களோடு குந்தியிருந்து ஊர்க்கதை கேட்டாள். அடேயப்பா, வேலைவெட்டி இல்லாமல் ஒருத்தி இத்தனை நாள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாளா?

"தோட்டத்த நடத்துற தொரை அனுப்பின ஆளுதான் இது" என்றார் பக்கத்து அறை, அதாவது பக்கத்துக் காம்பரா மாடசாமி. "தோட்டத்துல வேல செய்யாதவங்க எத்தன பேரு காம்பராவுல குந்தியிருக்காங்கன்னு எழுதிக்கிட்டுப் போறா. பாத்துக்கிட்டே இரு, அடுத்தது கதவுல நம்பர் அடிப்பானுங்க. அதுக்கடுத்தது காலி பண்ணச் சொல்லுவானுங்க."

 ரெங்கம்மாவுடைய பயம் அவளுக்குத்தானே தெரியும்! லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். காம்பராவுக்கு ஒரு பேராவது பெரட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டும். புருசன் பொன்னையா போய்ச் சேர்ந்து எட்டு வருசம். முட்டிவலி தாங்காமல் அவளும் பேரை வெட்டிக்கொண்டு இரண்டு வருசமாகிறது. மகள் தயானி பதுளையில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். ஆக, அந்தக் காம்பராவிலிருந்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் ஒருவருமில்லை. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா கவனிக்காதவரைக்கும் காலம் ஓடும்.

புரட்டாசி பிறக்கும் முன் கம்சலா அவள் வாசலுக்கும் வந்துவிட்டாள். தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப முடியுமா? கொடுத்தாள். சீனி கொஞ்சம் குறைத்தே போட்டாள்.

"வீட்டுல யார் யாரும்மா இருக்கீங்க?"

"நானும் என் அக்கா மகன் சதீஸ்குமாரும் மிஸ். அவன் பேரு பெரட்டுல இருக்கு."

சதீஸ்குமார் மேல்லயத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். இந்த வாசலை மிதித்து மூன்று மாதம்.

"பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. கட்டிக் குடுத்து கொழும்புக்குப் போயிட்டா."

பொய் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே கொடியில் தயானியின் வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கம்சலா அதைப் பார்த்தாளா பார்க்கவில்லையா என்று ரெங்கம்மாவுக்குப் பிடிபடவில்லை. பார்த்திருந்தாலும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டாள், நன்றி சொன்னாள், போய்விட்டாள்.

ஒரு மாதத்தில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராச் சுவரில் வரிசையாகப் பெட்டிகள் வந்தன. சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தன. மாடசாமி சொன்ன மாதிரியே கதவுகளில் நம்பரும் வந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெட்டிக்குப் பெட்டி வேறு வேறு வர்ணம். முன்பெல்லாம் தபால்காரர் மொத்தக் கடிதத்தையும் ஆபீசில் போட்டுவிட்டுப் போவார். கிளாக்கர் நினைத்தால் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார், மறந்தால் அது மேசை லாச்சிக்குள்ளேயே கிடக்கும். இப்போது தபால்காரர் கையில் கம்சலா வீடு வீடாகக் கேட்டு எழுதிய ஒரு பட்டியல். அதில் பேர் இருந்தால் கடிதம் பெட்டிக்குள். பேர் இல்லாவிட்டால் அன்றைக்கே தபால் கந்தோருக்குத் திரும்பிவிடும். "மாசக் கணக்குல லாச்சிக்குள்ள கெடக்குறதவிட அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போறது மேல்" என்று லயத்துச் சனம்தான் கேட்டிருந்தது.

பதினாலாம் நம்பர் பெட்டிக்கு நீல வர்ணம். மேலே இரண்டு பேர்: ரெங்கம்மா, சதீஸ்குமார்.

தயானி காத்திருந்தது தாதிப் பயிற்சிக்கான நேர்முகக் கடிதத்துக்கு. போன வருசம் அது லாச்சிக்குள் கிடந்து, திகதி தாண்டிய பிறகு கைக்கு வந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை பிள்ளைக்கு. அடுத்த வருசம் வயதும் கடந்துவிடும். இதுதான் கடைசி.

வியாழக்கிழமை பின்னேரம் தயானி முகம் வெளுத்துப்போய் வந்தாள். "அம்மா, கூட வேல செய்யிற துஷாந்தினிக்கு பண்டாரவளை வீட்டுக்குக் கடுதாசி வந்துருச்சு. செவ்வாக்கிழமை நேர்முகம். கடுதாசி இல்லாம கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்களாம்."

ரெங்கம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய் நீலப் பெட்டியைத் திறந்தாள். வெறும் பெட்டி. கையை விட்டுத் துழாவினாள். ஒரு சிலந்திதான் ஓடியது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்படித்தான் அவள் நினைத்தாள். அந்தச் சிரிப்புக்காரிதான் எடுத்திருக்கிறாள். தோட்டத்துப் பிள்ளை தாதியாகிவிட்டால் கொழுந்து எடுக்க யார் வருவார்கள்? தொரையும் இவளும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம்தானே இது!

வெள்ளிக்கிழமை காலை பெட்டிகளைப் பார்க்க கம்சலாவும் கிளாக்கரும் வந்திருந்தார்கள். தயானி கடைக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவின் பின்னாலேயே வந்தாள். பீலியில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி ரெங்கம்மா கத்தினாள்.

"எம்பொண்ணு கடுதாசிய எங்கடி ஒளிச்சு வச்ச?"

கம்சலா பதறிப்போனாள். "எந்தக் கடுதாசிம்மா? பேரு என்ன?"

"தயானி! பதினாலாம் நம்பரு!"

கம்சலா திரும்பிய கடிதங்களின் தாளை எடுத்துப் புரட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. "தயானி... பதினாலு... புதன்கிழமை வந்திருக்கு. பட்டியல்ல பேர் இல்லன்னு திருப்பியிருக்காங்க." அவள் நிமிர்ந்தாள். "அம்மா, நீங்கதானே மக கொழும்புல இருக்கான்னு சொன்னீங்க?"

தயானி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ரெங்கம்மாவால் தாங்க முடியவில்லை. அடி பாவி மனுஷி, திருடியைத் தேடி வந்தாயே, கடைசியில் அது நீதானா என்று அவளே அவளைக் கேட்டுக்கொண்டாள்.

"இன்னும் பதுளையிலதான் இருக்கும்" என்றாள் கம்சலா அவசரமாக. "திங்கக்கிழமதான் திருப்பி அனுப்புவாங்க. திருத்தப் படிவத்துல ஐயா கையெழுத்துப் போட்டா இன்னைக்கே வாங்கிரலாம்."

கிளாக்கர் படிவத்தை எடுத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மகள் தயானி. சரி. தோட்டத்துல வேல செய்றாங்களா, ஆமாவா, இல்லையா? அந்த சதீஸ்குமாரு மேல்லயத்துப் பெட்டியிலயும் இருக்கானே? ஒரு ஆளுக்கு ரெண்டு வீடா? அப்ப பதினாலுல யாரு பேருதான் பெரட்டுல இருக்கு? பட்டியலோட ஒரு பிரதி தொரைக்குப் போவுது, நான் ஒழுங்கா எழுதணும்."

"தொரைக்கா?" கம்சலாவின் குரல் உடைந்தது. "அது கடுதாசி குடுக்குறதுக்கு மட்டும்தானே ஐயா? நான் ஒங்க வசதிக்குத்தானே பிரதி குடுத்தேன்!"

"எனக்கு வசதின்னா தொரைக்கும் வசதிதானே மிஸ்" என்றார் கிளாக்கர். கோபமே இல்லாமல் சொன்னார்.

கம்சலா ரெங்கம்மாவிடம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. இப்படியொரு பயம் இருக்குன்னு யாருமே எங்கிட்ட சொல்லலியே."

"நீ கேட்டியா?" என்றாள் ரெங்கம்மா. "கடுதாசி எப்படி வருதுன்னு கேட்ட. வீட்டுல யாரு இருக்கான்னு கேட்ட. கொடியில காஞ்ச சட்டையயும் பாத்த. ஏம்மா பொய் சொல்றன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

 பெண்கள் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள். எழுதிக்கொண்டு போனது தொரையிடம் போவதாகச் சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்தபோது ரெங்கம்மாவுக்கு ஒரு துளி சந்தோசமும் வரவில்லை. சரியாகச் சந்தேகப்பட்டு என்ன கண்டாள்? காம்பராவைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையை அல்லவா இல்லாமல் ஆக்கிவிட்டாள்.

"வேணாம்மா" என்றாள் தயானி மெதுவாக. "கையெழுத்து வேணாம். காம்பரா போயிட்டா எங்க போவோம்? வா, வீட்டுக்குப் போவோம்."

"நீ சும்மா இரு." ரெங்கம்மா கிளாக்கர் பக்கம் நகர்ந்தாள். "எழுதுங்கய்யா. தயானி எம்பொண்ணு. பொறந்ததுல இருந்து பதினாலுலதான் இருக்கா. தோட்டத்து வேல செய்யல, செய்யவும் மாட்டா. சதீஸ்குமார் பேர வெட்டுங்க."

"அப்ப பெரட்டுக்கு?"

ஒருகணம் அவள் மலையைப் பார்த்தாள். மேல் மலைக்கு ஏற எத்தனை படியென்று அவள் முட்டிக்கு நன்றாகத் தெரியும்.

"எம்பேர எழுதுங்க. திங்கக்கிழமயில இருந்து வாரேன்."

"ஒனக்கு நடக்கவே ஏலாதே ரெங்கம்மா!"

"அத நான் பாத்துக்குறேன். நீங்க கையெழுத்தப் போடுங்க."

கிளாக்கர் போட்டார். தயானி அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். ரெங்கம்மா படிவத்தை வாங்கி அவள் கையில் திணித்தாள்.

"பெறகு அழு. பத்து மணி பஸ்ஸ விட்டுறாத, ஓடு."