லூசேரோ மருந்துக்கடை இருந்த இடம்

"லூசேரோ மருந்துக்கடை இருந்த எடத்துலேர்ந்து ஏரிப்பக்கமா ரெண்டு தெரு, அப்புறம் கிழக்கால ஒரு தெரு. வாழைக்காய் பொரிக்கிற வாசனை வரும், அதான் நம்ம கடை!"

சாப்பாட்டுக்கடை அசுசேனா போனில் இப்படி வழி சொல்லாத நாளில்லை. மனாகுவாவில் நாங்கள் எல்லோருமே இப்படித்தான். தெருப்பெயர், கதவெண் எல்லாம் எங்களுக்கு ஒத்துவராது; இல்லாமல் போன கட்டடங்களை வைத்தே வழி சொல்வோம். அந்த மருந்துக்கடை எழுபத்திரண்டாம் வருட நிலநடுக்கத்தில் மண்ணோடு மண்ணாகிவிட்டது. அதன் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த அசுசேனாவின் பெரியம்மாவும் போய்விட்டாள். அப்போது அசுசேனா கைக்குழந்தை.

இன்று வழி கேட்டவன் செங்கல் லாரி ஓட்டும் ஃபாவுஸ்தோ. வடக்கே ஒகோதால் ஊர்க்காரன், மனாகுவாவுக்குப் புதுசு. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுக் கடுகடுவென்று வந்து நின்றான்.

"ஏங்கக்கா, இல்லாத கடையை நான் எங்கன்னு தேடுவேன்? வழியில கேட்டா ஒருத்தன் சினிமாக் கொட்டகை இருந்த எடம்ங்கிறான், இன்னொருத்தன் கன்னியாஸ்திரி பள்ளிக்கூடம் இருந்த எடம்ங்கிறான். உங்க ஊர்ல இருக்கிறது எதுவும் கிடையாதா?"

"வாய் நல்லா நீளுது. மொதல்ல செங்கல்லை இறக்கு, சோறு போடறேன்."

செங்கல், கடையோடு சேர்ந்த வீட்டின் கொல்லையில் ஓர் அறை கட்ட. மகள் யெசேனியாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம்; மகளும் மருமகனும் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது அசுசேனாவின் ஆசை. ஆனால் அங்கே கட்டக்கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் நிலவியல்காரர்கள் பக்கத்துக் காலி மனையில் பள்ளம் தோண்டிப் பார்த்து, நிலத்தின் பிளவு அவள் கொல்லைக்கு அடியில் ஓடுகிறது என்று சொல்லி, இரண்டு சிவப்புக் குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள். அவள் அவற்றில் கொடிக்கயிறு கட்டித் துணி காயப்போட்டாள்! கம்பி இரண்டு கூடப் போட்டால் போதும் என்று மேஸ்திரியும் ஒத்து ஊதினான். நிலமே கிழியும்போது கம்பி என்ன செய்யும்?

"நாங்க வாடகைக்கு இருந்துக்கறோம்மா," என்று யெசேனியா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

"அம்பது வருஷமா ஒண்ணும் ஆகலடி."

ஃபாவுஸ்தோ வழிகேட்டுக் கேட்டு ரசீதின் பின்னால் குறித்த படம் மேஜையில் கிடந்தது. யெசேனியா அதை எடுத்தாள். கொட்டகை, பள்ளிக்கூடம், மருந்துக்கடை: மூன்றையும் பேனாவால் இணைத்தாள்; நேர்கோடாக வந்தது. கோட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அது நேரே இந்தக் கொல்லையில், சிவப்புக் குச்சிகள் நிற்கும் இடத்தில் வந்து முட்டியது.

"இங்க பாரும்மா."

"ஊர் பூராவும்தான் அன்னிக்கு விழுந்துச்சு," என்றாள் அசுசேனா. குரலில் சுரத்தில்லை.

"மத்த எடத்துல எல்லாம் திரும்பக் கட்டினாங்க. இந்த மூணுல இன்னிக்கும் புல்லுதான் மொளைக்குது. ஏன்?"

அப்போது போன் அடித்தது. வழி கேட்டு ஏதோ புது ஆள்.

"லூசேரோ மருந்துக்கடை இருந்த..." என்று ஆரம்பித்தவள் ரசீதிலிருந்த கோட்டைப் பார்த்து நிறுத்தினாள். யெசேனியா மெல்லச் சொன்னாள்:

"நாளைக்கு ஊர்ல, யெசேனியா வீடு இருந்த எடத்துலேர்ந்து ரெண்டு தெருன்னு வழி சொல்லணுமாம்மா?"

அசுசேனா போனை மேஜையில் போட்டாள். நேரே வாசலுக்கு ஓடினாள்.

"தம்பி, எறக்காதே! எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டுப் போ!"

"நெசமாத்தான் சொல்றீங்களாக்கா? பாதி எறக்கியாச்சு!"

"சாப்டுட்டு ஏத்து. உனக்குக் கோடிப் புண்ணியம்."

லாரி போனதும் அவள் கொடிக்கயிற்றை அவிழ்த்தாள். குச்சியிலிருந்து பின்னறையில் இருக்கும் தன் கட்டில்வரை நடந்து பார்த்தாள். பதினோரு அடி. இத்தனை வருடமாக அங்கேதான் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

சாயங்காலம் கொத்துக்கரண்டியும் கையுமாக மேஸ்திரி வந்து, "எங்கம்மா செங்கல்?" என்றான்.

"ரூமெல்லாம் கெடையாது, அவங்க வாடகைக்கு இருந்துக்கட்டும். என் கட்டிலை முன்பக்கம் போடணும். பீரோ சாயாம சொவரோட சேத்து அடி. மேல இருக்கிற தண்ணித் தொட்டியைக் கீழ எறக்கு. ரெண்டு வாசல்லயும் சாமான் அடைச்சுக் கெடக்கு, அதை ஒழிச்சுக் குடு."

"என்னம்மா, திடீர்னு பயமா?"

"பயந்தான். பூமி ஆடறதை நீயும் நானும் நிறுத்த முடியாது. ஆனா எங்க கிழியும்னு காட்டிட்டுப் போயிருக்காங்க. அது தெரிஞ்சும் அங்கயே கட்டிலைப் போட்டுட்டு, அப்புறம் விதியைத் திட்டக்கூடாது, மேஸ்திரி."