தலைவர் நிற்கும் இடம்தான் பஸ் ஸ்டாப்

வளைகுடாவில் புஜைரா ஊருக்கு வெளியே எங்கள் தொழிலாளர் கேம்ப் இருக்கும் பக்கம் வெறும் மணலாகக் கிடந்தபோதே வந்து கடை போட்டவர் சதக்கத்துல்லா பாய். துணிச்சல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஊருக்குள் வாடகை கட்ட முடியவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், உறுதியாகத் தெரியாது. பிறகு ஆயில் டேங்குகள் வந்தன, கேம்ப் வந்தது, நாங்கள் வந்தோம். தண்ணீர் லாரி எப்போது வரும், எந்த டாக்டர் தமிழ் பேசுவார் என்று அவரிடமே கேட்டுக் கேட்டு, அவரைத் தமிழ்ச் சங்கத் தலைவராக்கிவிட்டோம். தேர்தல் நடந்ததாக ஞாபகம் இல்லை.

டியூட்டி பஸ் அவர் கடை வாசலில்தான் நிற்கும். நாங்கள் கேம்பிலிருந்து வெயிலில் நடந்து போய்க் காத்திருப்போம். அதுவரை அவருடைய டீயும் சமோசாவும் விற்கும். பஸ் கேம்ப் வாசலுக்கே வர வேண்டும் என்று என் ரூமில் இருக்கும் கார்மேகம் அண்ணன் கம்பெனியில் கேட்டுவிட்டார்; பாய்க்கு அது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சூப்பர்வைசர் சுரேஷ்குமார் கடைக்கு வந்தார்.

“உங்களுக்குள்ள சண்டை வேண்டாம். தலைவர் எங்க நிக்கிறாரோ அங்கதான் இனிமே பஸ் நிக்கும். யல்லா, சீக்கிரம் காட்டுங்க பாய்.”

பாய் வாசலை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றார். “இங்க வசதியா இருக்குமே.”

“ஆமா, உங்க சமோசாவுக்கு” என்றார் கார்மேகம் அண்ணன். “இன்னும் நடங்க தலைவரே.”

குப்பைத் தொட்டி அருகே நின்றார். “இன்னும்.” டிரான்ஸ்பார்மர் நிழலில் நின்றார். “நிழல்ல நின்னா பஸ்காரன் கண்ணுக்குத் தெரியாது. இன்னும்.”

காரில் வந்து காரில் போகிறவர் அவர். பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். கடையும் தூரம், கேம்பும் தூரம்.

“தினமும் இப்படியா நடக்கிறீங்க?”

“டியூட்டி முடிஞ்சு திரும்பவும் நடப்போம் பாய்.”

பாய் மீதி தூரத்தையும் நடந்தார். கேம்ப் வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் போய் விழுந்தார்.

“இங்கதானா? யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் சுரேஷ்குமார்.

“இங்கதான். என்னால திரும்ப நடக்க முடியாது.”

“கலாஸ், முடிஞ்சது.” சுரேஷ்குமார் டிரைவருக்கு போன் போட்டார்.

அவர் அங்கே நின்றதற்குக் காரணம் நல்ல மனதா, மூச்சிரைப்பா என்று இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருந்துகின்றன.

கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி அஸ்மத் பீவி போனில் வந்தார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

“எங்க நின்னீங்க?”

“கேம்ப் வாசல்ல.”

“ஏன், அப்படியே ஹார்பர் வரைக்கும் நடந்திருக்கலாமே. நாளைக்குச் சமோசா பாதி போட்டாப் போதும்ல?”

பாய் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

“கால்வாசி போடு” என்றார்.