ஏழாமிடத்து நெப்டியூன்

...நெப்டியூனாம், அதுவும் புருஷனைச் சொல்லும் ஏழாமிடத்திலாம், என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன அந்த ராஜகோபாலனின் அம்மா நேரில் வந்து சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், தரகரிடம் சொல்லியனுப்பிவிட்டாள். "களத்திர ஸ்தானத்துல நெப்டியூன் இருக்காம்டி, பிள்ளையாத்துல வேண்டாம்னுட்டா" என்று காலையில் இட்லியை வைத்துக்கொண்டே அம்மா சொல்கிறாள், இன்றைக்குக் கரண்ட் வராது என்கிற மாதிரி. நம் ஜாதகத்தில் ஒன்பது கிரகம்தானே, இது எங்கேயிருந்து பத்தாவதாக வந்து உட்கார்ந்தது? எல்லாம் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் போடும் தர்மராஜின் உபயம். அழகாகப் பிரிண்டில் வரும் என்று அப்பாதான் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார், இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு இனியும் பழுப்பேறிய கையெழுத்துக் குறிப்பை நீட்டினால் மரியாதையாக இல்லையாம்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அவன் கடைக்குத்தான் போனேன். "மேடம், நானா சொல்றேன், மிசின் சொல்லுது, பிரிண்ட்டுல வந்துகீது பாருங்க" என்றான். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள், சும்மா விடுவேனா? ஏன்யா, அது வெறும் கண்ணுக்கே தெரியாத கிரகம், கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தே இந்தத் தொண்ணூற்றாறோடு நூற்றைம்பது வருஷம்தான் ஆகிறது, சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு நூற்று அறுபத்தைந்து வருஷம், கண்டுபிடித்த நாளிலிருந்து இன்னும் ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை, அது ஏழில் இருந்தால் இன்னது நடக்கும் என்று எவன் உட்கார்ந்து பார்த்தான்? ஒரு ராசியைத் தாண்டவே பதினாலு வருஷம் எடுத்துக்கொள்ளும், அந்த மாப்பிள்ளைக்கும் விருச்சிகத்தில்தான், என்னோடு படித்த அத்தனை பேருக்கும் விருச்சிகத்தில்தான். தர்மராஜ் தலையைச் சொறிந்தான். "ராசி ஒண்ணுதான் மேடம், லக்கினம் வேற இல்ல? உங்களுக்கு ரிஷபம், அதுலேர்ந்து எண்ணினா ஏழு வந்துடுது. பேஜாரு பண்ணாதீங்க, பின்னால ஆளு நிக்குது."

திருக்கழுக்குன்றம் தாண்டியும் ஆத்திரம் அடங்கவில்லை, பஸ் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வருகிறேன், பக்கத்தில் பூக்கூடையோடு இருப்பவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ராஜகோபாலனின் அம்மா மேல் கூட இல்லை கோபம், அவன் மேல். அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ், அணு ஆராய்ச்சியில் உத்தியோகம், பெண் பார்க்க வந்த அன்று என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று கேட்டான், நெப்டியூன் என்றேன், மீத்தேனால் நீலமாகத் தெரிகிறது, காற்று மணிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் அடிக்கிறது, இறங்கி நிற்கத் தரையே கிடையாது, உள்ளே போகப் போக வாயு அடர்ந்துகொண்டேதான் போகும் என்றேன். "அப்போ அங்க மனை வாங்க முடியாது" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. பிடித்துப்போயிற்று, ஆமாம், பிடித்துத்தான் போயிற்று, சொன்னால் என்ன? எல்லாம் தெரிந்தவன், அவன் அம்மா அந்தப் பிரிண்டைக் காட்டியபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா, இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று... வாயில் கொழுக்கட்டையா? படித்த படிப்பெல்லாம் ஆபீஸ் கேட்டோடு சரி, வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிடுகிறான், வெட்கங்கெட்டவன்...

தர்மராஜிடம் காட்ட எடுத்துப்போன இந்த ஜாதகக் காகிதத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? லக்கினம் ரிஷபம் இருபத்தொன்பது பாகை என்று போட்டிருக்கிறது, ராசிக்கு முப்பது, பூமி ஒரு பாகை திரும்ப நாலு நிமிஷம், போன வாரம்தான் நடத்தினேன், அப்படியானால் ஒரு ஐந்து நிமிஷம் தள்ளிப் பிறந்திருந்தால் மிதுன லக்கினம் வந்துவிடும், நெப்டியூன் ஆறுக்குப் போய்விடும், களத்திர ஸ்தானம் காலி, ஒருத்தரும் வாய் திறக்க முடியாது... நர்ஸ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் நேரம் சொன்னாள் என்பாள் அம்மா, அந்தக் காலத்து வாட்ச், சாவி கொடுக்க மறந்திருந்தால் ஐந்து நிமிஷம் பின்தங்காதா, பின்தங்கியிருக்கும், அம்மாவிடம் கேட்டால்... தரகர் மூலமாகவே மெதுவாகச் சொல்லி...

"மேடம், மகாபலிபுரம். எறங்கலையா?" கண்டக்டர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மடியில் பிரிண்ட். பிறந்த நேரத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஐந்தைக் கூட்டி எழுதியிருக்கிறது, விடைத்தாள் திருத்தும் சிவப்பு மையில், என் கையெழுத்தில். பேனாவை எப்போது எடுத்தேன்? கிழித்துப் போடத்தான் நினைத்தேன். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன்.